மாத்திரையை நிறுத்திவிட்டான், சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாமா?

பிப்ரவரி 4, வந்த கேள்வி

"நான் அக்கா. தம்பிக்கு 26 வயது. ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய் என்று சொல்லி ரிஸ்பெரிடோன் மாத்திரை கொடுத்தார்கள். நன்றாகத் தேறி வேலைக்கும் போக ஆரம்பித்தான். இப்போது பார்த்தால் மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடக்கிறது. கேட்டால் போட்டாயிற்று என்கிறான். தனக்கு நோயே இல்லை என்கிறவனிடம் பேசி என்ன ஆகப்போகிறது? இந்த நோய் வந்தவர்கள் எல்லோருமே பிடிவாதக்காரர்கள்தான். பொடித்து சாப்பாட்டில் கலந்து கொடுத்துவிடலாமா?"

பிப்ரவரி 4, இரவு

கலக்காதீர்கள்.

நீதி நியாயம் அப்புறம் பேசலாம், முதலில் நடைமுறை. இந்த நோயில் வருகிற சந்தேகங்களில் அடிக்கடி பார்ப்பது "எனக்கு எதையோ கலந்து கொடுக்கிறார்கள்" என்பது. நீங்கள் நிஜமாகவே கலந்துவிட்டால் அவர் சந்தேகப்பட்டது சரி என்று ஆகிவிடும். அதற்கப்புறம் உங்கள் வாயிலிருந்து வருகிற எந்தச் சொல்லுக்கும் மதிப்பு இருக்காது.

என் அண்ணனுக்கும் இதே நோய்தான். வீட்டில் பெரியவர்கள் கலந்தார்கள், அவன் கண்டுபிடித்தான். அப்புறம் அவன் கண் முன்னால் உறை பிரிக்காத எதையும் வீட்டில் தொடவில்லை. மாத்திரைச் சண்டையாக இருந்தது சாப்பாட்டுச் சண்டையாக மாறியது. உடம்பு பாதியானது.

இன்னொன்று. தான் மருந்து உண்கிறோம் என்றே தெரியாத ஒருவர் வண்டி ஓட்டுவார், குடிப்பார், வேறு மருந்து வாங்கிப் போட்டுக்கொள்வார். தலைசுற்றி விழுந்தால் ஏன் விழுந்தோம் என்று அவருக்கே தெரியாது.

பிப்ரவரி 5

"எல்லோருமே பிடிவாதக்காரர்கள்" என்பதை நேற்று விட்டுவிட்டேன், மனசு கேட்கவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2003இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. வளர்ந்த நாடுகளிலேயே நாள்பட்ட நோய்க்காரர்களில் பாதிப் பேர்தான் சொன்னபடி மருந்து எடுக்கிறார்கள் என்றது. ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் சேர்த்து. ரத்த அழுத்த மாத்திரையை மறந்தவரை மறதிக்காரர் என்கிறோம். மனநல மாத்திரையை விட்டவரை மட்டும் பிடிவாதக்காரர் என்கிறோம்.

அமெரிக்காவில் நடந்த கேட்டி ஆய்வு, 2005இல் வந்தது. ஸ்கிசோஃப்ரினியா உள்ள சுமார் 1,500 பேருக்கு ஐந்து மருந்துகளில் ஒன்றைக் கொடுத்தார்கள். 18 மாதம் முடியும் முன்பே 74 சதவீதம் பேர் அந்த மருந்தை விட்டிருந்தார்கள். நான்கில் மூன்று பேர் செய்கிற காரியத்துக்குக் குணக்கேடு என்று பெயர் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பிப்ரவரி 5, சற்றுக் கழித்து

74 சதவீதத்தைப் பார்த்து ஒருவர் "பார்த்தீர்களா, சொன்ன பேச்சு கேட்பதில்லை" என்று எழுதியிருக்கிறார். அந்தக் கணக்கில் டாக்டரே நிறுத்தி மாற்றியதும் சேரும். பலன் போதவில்லை, பக்க விளைவு தாங்கவில்லை என்று மாற்றியவர்களும் அதில் உண்டு. "இந்த மருந்து இவருக்கு ஒத்துவரவில்லை" என்பது நம் ஊகத்தைவிட எவ்வளவு அதிகமாக நடக்கிறது என்று படியுங்கள். அதற்கு மேல் அதிலிருந்து எதையும் இழுக்க முடியாது.

பிப்ரவரி 7

ஏன் நிறுத்துகிறார்கள் என்று நேராகவே எழுதுகிறேன், அண்ணனை வைத்தும் என்னை வைத்தும்.

எனக்கு மனச்சோர்வு. பாராக்செடின் எடுத்தேன். வேலை செய்தது, அதில் பொய் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அழுகை நின்றதோடு சிரிப்பும் பாதி நின்றுபோனது. உடலுறவில் ஆர்வம் அடியோடு போய்விட்டது. ஒவ்வொரு முறையும் டாக்டர் "எப்படி இருக்கீங்க?" என்பார், நான் "பரவாயில்லை டாக்டர்" என்பேன். பக்கத்தில் வீட்டார் உட்கார்ந்திருக்கும்போது வேறு என்ன சொல்வது? இந்தப் பிரச்சினை இந்த வகை மருந்துகளில் மிகச் சாதாரணம் என்பதும், டோஸ் மாற்றுவது, மருந்து மாற்றுவது என்று வழி இருக்கிறது என்பதும் நானாகப் படித்துத்தான் தெரிந்தது. அதற்குள் மாத்திரையைக் குப்பையில் போட்டிருந்தேன்.

அண்ணன் கதை வேறு. ஹாலோபெரிடோல் ஆரம்பித்த பிறகு அவனால் உட்கார முடியவில்லை. எழுவான், நடப்பான், உட்காருவான், காலை ஆட்டுவான், மறுபடி எழுவான். "உள்ளே எதோ ஓடுது, தோலைக் கழற்றிப் போடணும் போல இருக்கு" என்பான். நோய் முற்றுகிறது என்று நாங்கள் நினைத்தோம். டோஸைக் கூட்டினார்கள். இன்னும் மோசமானது. அதற்குப் பெயர் அகத்திசியா, மருந்தால் வரும் தாங்க முடியாத பரபரப்பு. டோஸைக் குறைத்தால் தணியும். புரோப்ரனலால் என்ற பழைய இதய மாத்திரையும் பலருக்கு உதவும். வெளியிலிருந்து பார்த்தால் அது நோயின் பதற்றம் மாதிரியேதான் இருக்கும். "மருந்து என்னைக் கொல்லுது" என்று அவன் கத்தியதை மாயத்தோற்றக் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். அவன் தன் உடம்பில் நடப்பதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

மற்றவை: ஓலான்சபினில் எடை ஏறுவது, அதுவும் முதல் சில மாதங்களிலேயே கிடுகிடுவென்று. மனநிலை ஏற்ற இறக்கத்துக்குத் தரும் லித்தியத்தில் கை நடுக்கமும் தாகமும். காலையில் எழவே முடியாத மந்தம். பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பது.

கேள்வி கேட்டவருக்கு ஒன்று. தம்பி எடுத்தது ரிஸ்பெரிடோன் என்கிறீர்கள். அது புரோலாக்டின் என்ற ஹார்மோனைக் கூட்டும். ஆண்களுக்கு மார்பு வீங்கலாம், ஆண்மைக் குறைவு வரலாம். 26 வயதுப் பையன் இதை அக்காவிடம் சொல்வானா? ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். புரோலாக்டினை அவ்வளவாகக் கூட்டாத மருந்துகளும் இருக்கின்றன.

பிப்ரவரி 8

"பக்க விளைவு எதுவுமே இல்லை, அப்படியும் நிறுத்திவிட்டார்" என்று ஒருவர். நடக்கும். நன்றாக இருப்பதாலேயே நிறுத்துகிறவர்கள் ஏராளம். தினமும் அந்த மாத்திரையைப் பார்க்கும்போது "நீ நோயாளி" என்று யாரோ சொல்வதுபோல இருக்கிறதாம், அண்ணன் சொன்னது. கல்யாணப் பேச்சு வரும்போது, புது வேலைக்குப் போகும்போது, விடுதி அறையில் இன்னொருவரோடு தங்கும்போது அட்டையை ஒளித்து வைக்க வேண்டியிருக்கிறது. ஒளித்து வைப்பதை எடுக்க மறப்பதும் சுலபம்.

பைபோலாரில், அதாவது மனநிலை உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் மாறி மாறிப் போகிற நோயில், இன்னொன்று சேரும். அந்த உச்ச மனநிலை சிலருக்குப் பிடித்திருக்கிறது. தூக்கம் வேண்டாம், யோசனை பாய்கிறது, உலகமே அழகாக இருக்கிறது. பைபோலார் பற்றி ஆராய்ச்சி செய்த உளவியலாளர் கே ரெட்ஃபீல்ட் ஜேமிசனுக்கே பைபோலார்தான். லித்தியத்தை எதிர்த்துத் தான் நடத்திய சண்டையை வெளிப்படையாக எழுதியிருக்கிறார். அந்த நோயைப் பற்றி அவருக்குத் தெரியாததா? அறிவு இருந்தால் ஒழுங்காக எடுப்பார்கள் என்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

பிப்ரவரி 10

நிறுத்தியதும் என்ன நடக்கிறது என்பதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ரகசியமே இதில்தான் இருக்கிறது.

ஸ்கிசோஃப்ரினியா மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் மறுநாளே நோய் வருவதில்லை. முதலில் மந்தம் விலகும். காலையில் எழ முடியும். பசி குறையும், முகம் தெளியும். வீட்டில் இருப்பவர்களே "இப்பதான் பழைய ஆள் மாதிரி இருக்கான்" என்பார்கள். பல வாரம், சில சமயம் பல மாதம் இப்படியே போகும். அந்த மனிதர் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன முடிவுக்கு வருவீர்கள்? மருந்துதான் நோயாக இருந்தது என்றுதானே? அப்புறம் நோய் திரும்பும்போது நிறுத்தியதற்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாக அவருக்குத் தோன்றாது. இடையில் வேலை போயிருக்கும், சண்டை வந்திருக்கும், அதுதான் காரணம் என்பார்.

முதல் முறை இந்த நோய் வந்து தேறியவர்களை ஐந்து ஆண்டு பின்தொடர்ந்த ஓர் அமெரிக்க ஆய்வு 1999இல் வந்தது. மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. இந்த எண் என்னைப் பயமுறுத்தியது, அண்ணனைப் பயமுறுத்தவில்லை. நிறுத்தி மாதக்கணக்கில் நன்றாக இருந்தது அவனுடைய சொந்த அனுபவம். ஆய்வு யாரோ எழுதியது.

மனச்சோர்வு மாத்திரையில் இது தலைகீழ். பாராக்செடின், வென்லாஃபாக்சின் மாதிரி உடம்பிலிருந்து சீக்கிரம் போகிற மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் சுளீரென்று அடிப்பது. எனக்கு எல்லாமே வந்தது. நோய்தான் திரும்பிவிட்டது என்று பயந்து மறுபடி எடுத்தேன், சரியாகிவிட்டது, "இனி இது இல்லாமல் வாழவே முடியாது" என்று முடிவு கட்டினேன்.

பிப்ரவரி 11

ஒரு சிரிப்பு. மாத்திரைக்குள்ளேயே நுண்ணிய சென்சார் வைத்து, வயிற்றுக்குள் போனதும் உடம்பில் ஒட்டிய பட்டை வழியாகக் கைப்பேசிக்குத் தகவல் அனுப்பும் அரிப்பிப்ரசோல் என்ற ஸ்கிசோஃப்ரினியா மருந்து ஒன்றுக்கு 2017இல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். "என் உடம்புக்குள் கருவி வைத்துக் கண்காணிக்கிறார்கள்" என்று பயப்படுகிறவர்களுக்கான மருந்தில்! அண்ணனிடம் சொன்னேன். நெடுநாளைக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரித்தான். "நான் சொன்னப்ப யாரும் நம்பல" என்றான்.

பிப்ரவரி 13

"அப்படியானால் தம்பிக்கு நோய் இல்லை என்று நானும் தலையாட்ட வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நோய் இருக்கிறதா இல்லையா என்ற வழக்கையே எடுக்காதீர்கள்.

சேவியர் அமடோர் என்ற உளவியலாளருடைய சொந்த அண்ணனுக்கு ஸ்கிசோஃப்ரினியா. ஆண்டுக்கணக்கில் அண்ணனோடு "உனக்கு நோய், மருந்து எடு" என்று மல்லுக்கட்டியவர். நோயை உணராமல் இருப்பது பல பேருக்கு நோயின் ஓர் அங்கமே, மூளை சம்பந்தப்பட்டது, பிடிவாதத்தில் சேராது என்று அவர் சொல்வதை நான் ஏற்கிறேன். பக்கவாதத்தில் கை வராதவர்கள் சிலர் "என் கை நன்றாகத்தான் இருக்கிறது" என்று சத்தியம் செய்வார்கள், அவர்களோடு யாரும் வாதாடுவதில்லை. அமடோர் சொல்லும் முறை: காது கொடு, அவர் உணர்வைப் புரிந்துகொள், ஒத்துப்போகிற இடத்தைத் தேடு, அதில் கூட்டுச் சேர்.

எங்கள் வீட்டில் ஒத்துப்போன இடம் தூக்கம். அண்ணனைக் கேட்டால் தனக்கு நோய் இல்லை என்பான், ஆனால் தூக்கம் வரவில்லை என்பதில் எங்களுக்கும் அவனுக்கும் சண்டையே இல்லை. "தூக்கத்துக்கு டாக்டரைப் பார்க்கலாமா?" என்றபோது சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். தூக்கத்துக்குத்தான் போனோம், ஏமாற்றி அழைத்துப் போகவில்லை. இந்த வேறுபாடு முக்கியம், ஏமாற்றினால் அடுத்த முறை வரமாட்டார்கள்.

தம்பிக்கு அது வேலையாக இருக்கலாம். "வேலையை விடாமல் இருக்க உனக்கு எது உதவுது, எது தொந்தரவா இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பிப்ரவரி 14

"டாக்டர் ஐந்து நிமிடம்கூடப் பேசுவதில்லை" என்கிறீர்கள். தெரியும். தாளில் எழுதிக் கொண்டுபோங்கள், மூன்று வரிக்கு மேல் வேண்டாம். நோயாளியே எழுதினால் நல்லது. "எடுக்கவில்லை, இந்தக் காரணத்தால்" என்பது முதல் வரியாக இருக்கட்டும்.

பிப்ரவரி 18

நேற்று முழுக்க இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். நிறுத்துவதைவிட நிறுத்தியதை மறைப்பதுதான் பெரிய ஆபத்து என்று நினைக்கிறேன்.

எப்படி என்று பாருங்கள். ஒருவர் 4 மில்லிகிராமை ரகசியமாக நிறுத்துகிறார். நோய் திரும்புகிறது. டாக்டர் 4 போதவில்லை என்று நினைத்து 6 ஆக்குகிறார். அல்லது மருந்தே பயனில்லை என்று இன்னொன்றுக்கு மாற்றுகிறார். நிலைமை முற்றி மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். அங்கே செவிலியர் கண் முன்னால் முழு டோஸும் உண்மையாகவே உள்ளே போகிறது. பழக்கமில்லாத உடம்பு விறைக்கிறது, எச்சில் வழிகிறது, நாக்கு இழுக்கிறது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மறுபடி நிறுத்துகிறார். ஒரு பொய்யின் மேல் மொத்த வைத்தியமும் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அண்ணனின் பழைய சீட்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் இந்தக் கதைதான் தெரிகிறது. அவன் நிஜமாக எடுத்த காலம் எது, எடுக்காத காலம் எது என்று தெரியாமல், எந்த மருந்து வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அதனால் வீட்டில் கேள்வியை மாற்றினோம். "மாத்திரை போட்டியா?" என்பதற்கு "ஆமாம்" தவிர வேறு பதில் சொல்ல முடியாது, சொன்னால் சண்டை. "இந்த வாரம் எத்தனை விட்டுப்போச்சு?" என்றால் விட்டுப்போவது சகஜம் என்று ஆகிவிடுகிறது. முதல் முறை கேட்டபோது என்னைச் சந்தேகமாகப் பார்த்தான். அப்புறம் "நாலு" என்றான். நாலா என்று கத்தாமல் இருந்ததற்கு எனக்கு யாராவது பதக்கம் கொடுக்கலாம்.

பிப்ரவரி 19

மேலே உள்ளதற்கு ஒரு திருத்தம், கொள்கையில் மாற்றம் இல்லை. ஒருவர் எழுதியது சரி: தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் பேச்சு வந்துவிட்டால், சாப்பாடும் தண்ணீரும் நின்றுபோனால், "எத்தனை விட்டுப்போச்சு" என்று கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. அன்றே அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும். நான் எழுதியதெல்லாம் அதற்கு முந்தைய காலத்துக்கு.

பிப்ரவரி 22

கண்காணிப்பு பற்றி. வாயைத் திற, நாக்கைத் தூக்கு என்று தினமும் சோதிக்கும் வீட்டார் இங்கே நிறைய இருக்கிறீர்கள் போலிருக்கிறது. பிரிட்டனில் 1970களில் வாகன், லெஃப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் செய்த ஆய்வு இருக்கிறது. குறை சொல்வதும் கடுகடுப்பும் அளவுக்கு மீறிய தலையீடும் உள்ள குடும்பத்தில், வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருந்தவர்களுக்கு நோய் திரும்புவது அதிகமாக இருந்தது. குடும்பம்தான் நோய்க்குக் காரணம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அப்படிச் சொல்லிப் பல தாய்மார்களை நோகடித்த காலம் ஒன்று இருந்தது. ஆனால் காவல் காப்பதற்கும் ஒரு விலை உண்டு.

வெறும் மறதி என்றால் வழி சுலபம். கிழமை எழுதிய மாத்திரைப் பெட்டி, கைப்பேசி அலாரம், மூன்று வேளையை ஒரு வேளையாக்க முடியுமா என்று டாக்டரிடம் ஒரு கேள்வி. காலையில் தூங்கி வழிகிறவருக்குப் பல மருந்துகளை இரவுக்கு மாற்ற முடியும். வேண்டாம் என்று முடிவெடுத்தவரிடம் பெட்டி ஒன்றும் செய்யாது.

பிப்ரவரி 26

ஒரே நாளில் இரண்டு பட்டம்: நான் மருந்துக் கம்பெனி ஏஜென்ட் என்று ஒருவர், மருந்துக்கு எதிராகப் பிரசாரம் செய்கிறேன் என்று இன்னொருவர். இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள்.

நிஜமாகவே எனக்குள் இரண்டும் இருக்கிறது. நெதர்லாந்தில் முதல் முறை நோய் வந்து தேறியவர்களில் ஒரு பகுதியினருக்கு டோஸைக் குறைத்தோ நிறுத்தியோ பார்த்தார்கள். ஏழு ஆண்டு கழித்து, 2013இல் வந்த முடிவு: அவர்களில் 40 சதவீதம் பேர் முழு வாழ்க்கைக்குத் திரும்பியிருந்தார்கள். தொடர்ந்து எடுத்தவர்களில் 18 சதவீதம் மட்டுமே. படித்துவிட்டுத் துள்ளினேன். பிறகு 2023இல் இங்கிலாந்தில் ரேடார் ஆய்வு. மெதுவாக, டாக்டர் கண்காணிப்பிலேயே குறைத்தார்கள். இரண்டு ஆண்டில் கடுமையாக நோய் திரும்பியது 25 சதவீதம், குறைக்காதவர்களில் 13. சமூக வாழ்க்கையில் மேம்பாடும் தெரியவில்லை. இப்போது நான் எங்கே நிற்கிறேன் என்றால், குறைப்பது சிலருக்கு முடியும், அது யார் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியவில்லை. இதைத் தம்பியிடம் மறைக்காமல் சொல்லலாம். "ஆயுள் முழுக்க" என்ற சொல்லைக் கேட்டதும் ஓடியவர்களை எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 28

மாதம் ஒரு முறை போடும் ஊசி பற்றிப் பலர் கேட்டாயிற்று. ஸ்கிசோஃப்ரினியாவுக்கு உண்டு, மூன்று மாதம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடுவதும் வந்துவிட்டது. ஊசியைத் தண்டனையாக நீட்டாதீர்கள், "ஒழுங்கா எடுக்கலன்னா ஊசிதான்" என்று சொன்ன நாளே அது கெட்டது. அண்ணனே கேட்டு வாங்கிக்கொண்டான். தினமும் நோயை நினைக்க வேண்டாம், வீட்டில் யாரும் கேட்கவும் வேண்டாம் என்பதுதான் அவன் சொன்ன காரணம். பக்க விளைவு வந்தால் சட்டென்று வெளியே எடுக்க முடியாது, அதனால் அதே மருந்தை முதலில் மாத்திரையாகக் கொடுத்து ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். போட வராவிட்டால் அன்றே தெரிந்துவிடும் என்பது எங்களுக்கு லாபம்.

இங்கிலாந்தில் ஊசிக்கு 15 பவுண்டு கையில் கொடுத்துப் பார்த்தார்கள், 2013இல் முடிவு வந்தது. வந்து போட்டுக்கொண்டவர்கள் கூடினார்கள். எனக்கு அது ஒரு மாதிரியாக இருக்கிறது. அண்ணன் "எனக்கும் கொடுக்கச் சொல்லு" என்கிறான்.

மார்ச் 3

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: தம்பி பேசினானாம். நான் ஊகித்த விஷயங்களில் ஒன்றுதான், எது என்று இங்கே எழுத வேண்டாம். டாக்டரிடம் வருகிறான், ஆனால் அக்கா அறைக்குள் வரக் கூடாதாம். வெளியே உட்காருங்கள். உங்களுக்குச் சொல்ல வேண்டியது இருந்தால் தாளில் எழுதி, தம்பிக்குப் படித்துக் காட்டிவிட்டு அவன் கையிலேயே கொடுத்தனுப்புங்கள்.

மார்ச் 6

"நான் நிறுத்தத்தான் போகிறேன், எப்படி என்று மட்டும் சொல்லுங்கள்" என்கிறவருக்கு. நான் டாக்டர் இல்லை, உங்கள் டோஸ் எனக்குத் தெரியாது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் பென்சோடயசெபின் வகையை நீண்ட நாள் எடுத்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். லித்தியத்தைச் சட்டென்று விட்டால் பித்துநிலை, அதாவது நான் சொன்ன அந்த உச்ச மனநிலை, வேகமாகத் திரும்பலாம். பிரிட்டன் வழிகாட்டுதல் குறைந்தது 4 வாரம், முடிந்தால் 3 மாதம் எடுத்துக் குறைக்கச் சொல்கிறது. ஸ்கிசோஃப்ரினியாவுக்கான க்ளோசபின் என்ற மருந்தை எடுப்பவர் 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுவிட்டால் பழைய டோஸை அப்படியே போடக் கூடாது. ரத்த அழுத்தம் விழுந்துவிடும். டாக்டரைக் கேட்டு 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி ஏற வேண்டும். "விட்டுப்போச்சு, சேர்த்துப் போட்டுக்கிறேன்" என்பது அங்கே உயிருக்கே ஆபத்து.

மனச்சோர்வு மாத்திரையில் கடைசிச் சில மில்லிகிராம்தான் கடினம். டோஸைப் பாதியாக்கினால் மூளையில் அதன் பிடி பாதியாவதில்லை, கொஞ்சம்தான் இறங்கும். கீழே போகப்போக ஒவ்வொரு மில்லிகிராமும் பெரிய படி. ஹோரோவிட்ஸ், டெய்லர் இருவரும் 2019இல் இதை விளக்கி எழுதிய பிறகு, கடைசிக் கட்டத்தில் சின்னச் சின்னதாகக் குறைப்பது பற்றி டாக்டர்களிடம் பேசுவது சுலபமாகிவிட்டது. இரண்டாவது முறை நான் அப்படித்தான் இறங்கினேன், சில மருந்துகள் திரவமாகக் கிடைப்பது இதற்கு வசதி. 2021இல் வந்த ஒரு பிரிட்டன் ஆய்வில், நீண்ட நாள் எடுத்துத் தேறியவர்களில் நிறுத்தியவர்களுக்கு ஓராண்டில் 56 சதவீதம் நோய் திரும்பியது, தொடர்ந்தவர்களுக்கு 39. இரண்டு எண்ணையும் சேர்த்தே பாருங்கள்.

பரீட்சை, வேலை மாற்றம், பிரசவம் இவற்றுக்குப் பக்கத்தில் ஆரம்பிக்காதீர்கள். உங்களுக்கு நோய் திரும்பும்போது முதலில் என்ன மாறும் என்று எழுதி, கூட இருக்கும் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். எனக்கு அது தொலைபேசியை எடுக்காமல் விடுவது. அண்ணனுக்குத் தூக்கம்.